பிளானில் இல்லாத தூண்

புது அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி வாங்கப் போன அன்று எங்கள் படுக்கையறை மூலையில் ஒரு தூண் நின்றது. பிளானில் அது கிடையாது. சுவரை விட்டு முக்கால் அடிதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த யாருக்கும் அது கண்ணிலேயே படவில்லை. எனக்கு மட்டும் பட்டதற்குக் காரணம், அந்த மூலையை நம்பி 7 அடி அகலத்தில் ஒரு அலமாரிக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தேன்.

பிளானைப் பார்த்து மரவேலைக்கு அளவு கொடுப்பதுதான் புது வீட்டுக்காரர்கள் பலரும் செய்கிற தவறு. ஹாலில் அரை அடி குறைந்தாலும் தெரியாமல் போய்விடும். கதவுக்குப் பக்கத்தில் 2 அங்குலம் குறைந்தால், 2 அடி ஆழமுள்ள அலமாரி கதவை முட்டும். அதனால் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதோடு எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு தச்சரே நேரில் வந்து அளக்கும்வரை எதற்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அந்தத் தூண் எங்கிருந்து வந்தது? அறைகளைப் பிரித்து ஆர்க்கிடெக்ட் முதலில் வரைகிறார். தூண் எவ்வளவு பருமன், பீம் எங்கே ஓடும் என்பதையெல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பிறகுதான் கணக்குப் போட்டு முடிக்கிறார். விற்பனைக்கு அச்சடித்த பிளான் பெரும்பாலும் அதற்கு முந்தையது. கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் டக்டும் இப்படித்தான் பின்னால் வந்து சேரும். கீழ்த் தளத் தூண்கள் அதிகச் சுமை தாங்குவதால் அங்கே பருமன் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருப்பது வழக்கம். அதனால் பத்தாவது மாடியில் இருக்கும் மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு இரண்டாவது மாடியில் வாங்குகிறவர் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். பேப்பரில் இரண்டும் ஒரே வகை வீடுதான்!

அடுத்தது, எந்தப் பிளானோடு ஒப்பிடுகிறோம் என்பது. விளம்பரக் கையேட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் உண்டு. அது வெறும் படம். அதில் கட்டிலைக்கூடச் சிறியதாக வரைந்து அறையைப் பெரிதாகக் காட்டியிருப்பார்கள். ஒப்பந்தத்தோடு இணைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிளானை எடுங்கள். வரைபடத்தின் ஓரக் கட்டத்தில் திருத்த எண்ணும் தேதியும் இருக்கும். உங்கள் கையில் உள்ளதும் சைட் ஆபீஸில் உள்ளதும் ஒரே எண்தானா என்று பாருங்கள். பேப்பரில் ஸ்கேல் வைத்து அளந்து கணக்குப் போடவே கூடாது. 1:100 அளவில் ஏ3 தாளில் வரைந்ததை ஏ4-க்குச் சுருக்கினால் அது ஏறக்குறைய 1:141 ஆகிவிடும். எழுதியிருக்கும் எண் மட்டுமே கணக்கு.

அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செங்கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும் இடையிலான அளவா, பூச்சுக்குப் பிந்தைய அளவா? 10-க்கு 12 அறையில் ஒவ்வொரு சுவருக்கும் அரை அங்குலம் பூச்சு என்றால் நீளத்திலும் அகலத்திலும் ஒவ்வொரு அங்குலம் போகும். 120 சதுர அடி 118 சொச்சம் ஆகும். இது ஏமாற்று வேலை இல்லை. குளியலறையில் பூச்சுக்கு மேல் பசை, டைல்ஸ் என்று இன்னும் குறையும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் புகார் எழுதினால், நிஜமான புகாரையும் அந்தக் கூட்டத்தோடு ஒதுக்கிவிடுவார்கள்.

தரையை மட்டும் அளந்துவிட்டுத் திரும்புவதும் தவறுதான். பிளான் என்பது தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வீட்டைக் குறுக்கே அறுத்து மேலிருந்து பார்ப்பது போன்ற படம். அதற்கு மேலே இருப்பவை புள்ளிக் கோடாக வரும், அல்லது வரவே வராது. ஹாலின் நடுவே இறங்கும் பீம், மேல் வீட்டுக் குழாய்களை மறைக்கத் தாழ்த்திய குளியலறைக் கூரை, ஜன்னலின் அடிமட்ட உயரம் எல்லாவற்றுக்கும் தனியாக டேப் பிடிக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பாருங்கள். 10-க்கு 12 அறையில் இரண்டு குறுக்களவும் 15 அடி 7 அங்குலத்தை ஒட்டி ஒன்றுபோல் வந்தால் அறையின் மூலைகள் சரியான செங்கோணத்தில் இருக்கின்றன. வித்தியாசம் வந்தால் சுவர் கோணலாக இருக்கிறது. டைல்ஸ் ஓரத்தில் ஆப்பு வடிவத் துண்டுகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எதிர் வீட்டின் கண்ணாடிப் பிம்பமாகக் கட்டிய வீடு என்றால் கதவுகளைத் திறந்து பார்க்காமல் வராதீர்கள். சுவர்களை இடவலமாகத் திருப்பியவர்கள் சுவிட்ச் போர்டைத் திருப்ப மறந்திருக்கலாம். கதவைத் திறந்தால் அதன் பின்னால் போர்டு ஒளிந்துகொள்ளும்.

"இதெல்லாம் சகஜம் சார், பார்த்துக்கலாம்" என்று சைட் இன்ஜினியர் சொல்வார். என்னிடமும் சொன்னார், நானும் தலையாட்டினேன். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை என்பது அடுத்த மாதம் அவர் வேறு சைட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. வீட்டை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடும் முன்பே குறையை எழுதிவிட வேண்டும். "அறை சின்னதாக இருக்கிறது" என்று எழுதிப் பயனில்லை. "கிழக்குப் படுக்கையறை, வடக்குத் தெற்காக: பிளானில் 10 அடி, அளந்தது 9 அடி 7 அங்குலம்" என்று எழுதி, டேப்பின் எண் தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வையுங்கள்.

எழுதும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: இத்தனை சதவீதம் வரை அளவு மாறலாம் என்று பெரும்பாலும் இருக்கும். அது மொத்தப் பரப்புக்கா, அறைக்கு அறையா? 1,000 சதுர அடியில் 2 சதவீதம் என்றால் 20 சதுர அடி. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். அந்த 20-ம் 40 சதுர அடிக் குளியலறையிலேயே குறைந்தால் பாதி அறை காணாமல் போகும். மொத்தக் கணக்கோ சரியாகவே இருக்கும்.

கோபத்தில் தூணைச் செதுக்கவோ டக்ட் சுவரை உள்ளே தள்ளவோ ஆள் கூப்பிடாதீர்கள். தூண் மேலே இருக்கும் எல்லா வீடுகளையும் தாங்குகிறது. டக்டுக்குள் எல்லார் வீட்டுக் குழாயும் ஓடுகிறது. சண்டை முடிந்தாலும் முடியாவிட்டாலும், கட்டி முடித்தபடி வரைந்த கடைசி வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள், முக்கியமாகக் குழாயும் ஒயரும் போகும் வழியைக் காட்டுபவற்றை. சுவரில் முதல் டிரில் போடும் அன்றைக்கே அது தேவைப்படும்.