பயணம் நின்றுபோனால் பிரமிடுகளைத் திரையில் சுற்றிப் பார்ப்பது எப்படி

எகிப்துக்குக் கிளம்ப ஒன்பது நாட்கள் இருந்தபோது, பொள்ளாச்சிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் என் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். பயணத்தை ரத்து செய்தோம். அவர் கட்டு அவிழ்க்கும்வரை சாளையிலேயே (தோட்டத்து வீட்டில்) இருக்க வேண்டியிருந்ததால், நான்கு மாலைகளில் அவரோடும் பிள்ளைகளோடும் பிரமிடுகளைத் திரையில் சுற்றி வந்தேன். அப்படி ஏமாற்றத்தோடு இருப்பவர்களுக்காக அந்த வழியை எழுதுகிறேன்.

கைப்பேசித் திரை போதாது. மடிக்கணினியை ஒரு வயரால் தொலைக்காட்சியோடு இணைத்து, கூகுள் எர்த்தைத் திறந்துகொள்ளுங்கள்.

எல்லோரும் நேராகப் பெரிய பிரமிடு நிற்கும் கீசாவுக்குத்தான் போவார்கள். அப்படிச் செய்யாமல், முதல் மாலையில் சக்காராவில் தொடங்குங்கள் என்பேன். மன்னர் ஜோசருக்காக கி.மு. 27-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆறு அடுக்குப் படிப் பிரமிடு அங்கே இருக்கிறது. அதைக் கட்டியவர் இம்ஹோதெப் என்பது மரபு. அங்கிருந்து தெற்கே தாஷூருக்கு நகர்ந்தால், மன்னர் ஸ்னெஃப்ருவின் வளைந்த பிரமிடு வரும். கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய 54 பாகையில் எழும் அதன் சரிவு, பாதி உயரத்துக்குப் பிறகு 43 பாகையாகத் தணிவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். அதே மன்னர் அடுத்துக் கட்டிய சிவப்புப் பிரமிடு அடியிலிருந்தே அந்தக் குறைந்த சரிவில் நிற்கிறது. இவற்றைப் பார்த்த பிறகு அவருடைய மகன் கூஃபுவின் பெரிய பிரமிடுக்குப் போனால், கட்டியவர்கள் ஒவ்வொன்றிலும் கற்றுக்கொண்டே வந்தது புரியும்.

இரண்டாம் மாலை அளப்பதற்கு. கூகுள் எர்த்திலுள்ள அளவுகோலால் பெரிய பிரமிடின் ஒரு பக்கத்தை அளந்தால் சுமார் 230 மீட்டர் வரும். பிறகு உங்கள் ஊருக்கு வந்து, அதே அளவில் ஒரு சதுரத்தை உங்கள் நிலத்தின்மேல் வரையுங்கள். எங்கள் தென்னந்தோப்பு நான்கு ஏக்கர். சதுரமோ பதின்மூன்று ஏக்கர். அது எங்கள் வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டங்களையும் விழுங்கி, வாய்க்கால் கரையில் போய் நின்றது. “அத்தனையும் கல்லா கண்ணு?” என்று அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சுமார் 23 லட்சம் கற்கள் என்று பின்னர் அவருக்குச் சொன்னேன். புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த அந்த எண், தெரிந்த மண்ணின்மேல் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

மூன்றாம் மாலையில் பெரிய பிரமிடுக்கு உள்ளே போகலாம். இறங்கு வழி, ஏறு வழி, 47 மீட்டர் நீளமும் எட்டரை மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள பெரிய நடைக்கூடம், தெற்கு எகிப்தின் அஸ்வான் பகுதிக் கருங்கல்லாலான அரசர் அறை ஆகியவற்றைக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தை முதலில் தாளில் வரைந்துகொள்ளாவிட்டால், திரையில் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. நடைக்கூடத்துக்கு மேலே, 2017-இல் மியூவான் என்ற, கல்லையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்களின் உதவியால் கண்டறியப்பட்ட வெற்றிடத்தைப் புள்ளிக்கோட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் குறைந்தது 30 மீட்டர். இதுவரை யாரும் அதற்குள் போனதில்லை.

நான்காம் மாலையை முழுவதுமாக மூன்றாம் மெரெசாங்க் அரசியின் கல்லறைக்கு ஒதுக்குங்கள். இவர் கூஃபுவின் பேத்தி. கீசாவில் 1927-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ரைஸ்னரின் குழுவினர் கண்டெடுத்த இந்தக் கல்லறையின் முப்பரிமாணச் சுற்றுலாவை, எகிப்தின் சுற்றுலா, தொல்பொருள் அமைச்சகம் 2020-இல் இலவசமாகத் திறந்துவிட்டது. தரையில் தெரியும் வட்டங்களைச் சொடுக்கினால் ஒவ்வோர் அடியாக நகரலாம். அவசரப்படாதீர்கள். வடக்கு அறையில், பாறையிலேயே செதுக்கிய பத்துப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் நெருங்கிப் போய் நில்லுங்கள். மெரெசாங்கும் அவருடைய தாயும் பாப்பிரஸ் என்ற நாணல் புதருக்கு நடுவே படகில் நிற்கும் சிற்பத்தையும் தேடிப் பாருங்கள். மேலும் அறிய விரும்பினால், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் கீசா தளத்தில் பழைய அகழாய்வுப் படங்களும் நாட்குறிப்புகளும் உள்ளன.

முடிப்பதற்கு முன் மீண்டும் கூகுள் எர்த்தில், நைலின் கிழக்குக் கரையிலுள்ள துரா சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து கீசாவரை விரலால் தொடர்ந்து பாருங்கள். பெரிய பிரமிடுக்காக அந்தக் கல்லைப் படகில் ஏற்றி வந்த மெரெர் என்ற மேற்பார்வையாளரின் குறிப்பேடு, செங்கடல் கரையில் 2013-இல், அந்த நாணலில் செய்த பாப்பிரஸ் தாள் துண்டுகளாகக் கிடைத்தது. பத்து நாளில் இரண்டு, மூன்று நடை என்று அதிலிருந்து தெரிகிறது. தேங்காய் லோடுகளை ஆயுள் முழுக்க நடைக்கணக்கில் எழுதி வைத்த அப்பா, அதை மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.