பழைய ஹமதான் கம்பளத்தின் பூவைக் கட்டத்தாளில் ஏற்றுவது எப்படி?

ஈரானில் ஹமதானைச் சுற்றிய கிராமங்களில் நெய்த பழைய கம்பளங்களில் ஹெராத்தி பூவை அதிகம் பார்க்கலாம். நடுவில் வட்டப் பூ, அதைச் சுற்றி வைர வடிவக் கோடு, வெளியே மீன் போல வளைந்த 4 இலைகள். இதைக் குறுக்குத் தையலுக்காக நான் எடுத்த முறை இது.

1. கம்பளத்தைத் திருப்பிப் போடுங்கள். முன்பக்கம் நூல் குஞ்சம் மறைக்கும், பின்பக்கம்தான் முடிச்சு தெளிவாகத் தெரியும். செல்போனில் படம் எடுத்தாலும் எண்ணுவதற்கு லென்ஸ்தான் நல்லது.

2. அளவுநாடாவை வைத்து 10 செ.மீ.க்குள் எத்தனை முடிச்சு என்று அகலத்திலும் உயரத்திலும் தனித்தனியாக எண்ணுங்கள். அவசரப்படாதீர்கள், எல்லாம் கெடுவது இங்கேதான். ஹமதானில் ஒரு முடிச்சு 2 பாவு நூல்களை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) சுற்றிக் கட்டப்படுகிறது, அதனால் பின்னால் ஒரே நிறத்தில் பக்கம் பக்கமாக 2 புடைப்பு தெரியும், இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். சந்தேகமாக இருந்தால் பூவின் மெல்லிய செங்குத்துக் கோட்டைப் பாருங்கள், அது எங்கேயும் 2 புடைப்புக்குக் கீழே குறுகாது.

3. அகலத்தில் 30, உயரத்தில் 36 வந்தது என்று வையுங்கள். சாதாரண கிராஃப் தாளில் ஏற்றினால் பூ நெட்டையாகிவிடும். கட்டம் 6 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். இதற்கென்று செயலி எதுவும் வாங்க வேண்டாம், லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாளில் வரிசை உயரத்தையும் பத்தி அகலத்தையும் மாற்றி அச்சிட்டால் போதும். தையல் துணியின் கட்டம் சதுரமாக இருந்தால் பூ கொஞ்சம் நீளும், அதற்கு உயரத்தில் 6 வரிசைக்கு ஒன்றை விட்டுவிடுங்கள்.

4. கீழிருந்து மேலே, வரிசை வரிசையாக நிரப்புங்கள். நெசவும் அப்படித்தான் ஏறுகிறது. பூவில் கால்வாசியை வரைந்து மற்றதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளலாம் என்பார்கள், எனக்கு அது பிடிக்காது. கிராமத்தில் பெரும்பாலும் நினைவிலிருந்தோ பழைய கம்பளத்தைப் பார்த்தோ நெய்வார்கள், ஓர் இலை இன்னொன்றைவிட ஒரு முடிச்சு நீண்டிருக்கும், கரைப்பூ மூலையில் திரும்பாமல் பாதியில் வெட்டுப்படும். அந்தக் கோணல்தானே அழகு! முழுப் பூவையும் எண்ணுங்கள்.

நிறத்தை அப்புறம் பார்க்கலாம். சிவப்பு நடுவில் திடீரென வெளிறினால் அது அழுக்கு என்று நினைக்காதீர்கள், கம்பளியைச் சிறு சிறு அளவாகச் சாயம் தோய்ப்பதால் வரும் பட்டை அது. வரைபடத்தில் ஒரே நிறமாகக் குறித்தால் போதும்.

பின்சேர்க்கை: ஈரானின் இன்னோர் ஊரான பீஜாரின் கம்பளத்தில் இப்படி எண்ணினால் பூ பாதியாகச் சுருங்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு பாவு நூல் இன்னொன்றின் பின்னால் அமுங்கியிருக்கும், அதனால் முடிச்சுக்கு ஒரு புடைப்புதான் தெரியும். அங்கே இரண்டால் வகுக்காதீர்கள்.