சாரல் தொடங்கும் முன்னே பழைய நெகட்டிவ்களைக் கேமராவால் டிஜிட்டல் படமாக்குவது எப்படி?

செங்கோட்டை, புளியரை பக்கம் பல வீட்டு பீரோக்களில் பழைய ஸ்டுடியோ கவர் ஒன்று கிடக்கும். உள்ளே கல்யாண நெகட்டிவ்கள், குற்றாலக் குளியல், மீட்டர் கேஜ் ரயில். ஜூனில் சாரல் பிடித்தால் பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறிவிடும். ஃபிலிம் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். பூஞ்சைக்கு அது நல்ல தீனி. ஸ்கேனர் இல்லாவிட்டால் பரவாயில்லை. லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா இருந்தால், நெகட்டிவைப் படம் பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

1. சுத்தம்
ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். ரப்பர் ப்ளோயரால் தூசியை ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் படத்தோடு கரைந்து வந்துவிடும். வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிமைத் தனியே பிரித்து, அதை முதலில் எடுங்கள். அது நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போகும்.

2. வெளிச்சம்
படம் வரையப் பயன்படும் எல்.இ.டி. ட்ரேசிங் பேட் போதும். கறுப்பு அட்டையில் ஃபிரேமின் 24 × 36 மி.மீ. அளவைவிடக் கொஞ்சம் பெரிய ஜன்னல் வெட்டி, இரண்டு அட்டைக்கு நடுவே ஃபிலிமைச் செருகி, பேடுக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். பேடில் இருக்கும் தூசி அப்போதுதான் படத்தில் விழாது. பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். ஓரத்து எழுத்து நேராக வாசிக்க வந்தால் சரி. அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

3. கேமராவை நேர் செய்வது
விலை கூடிய கேமராவைவிட இந்த வேலைதான் முக்கியம் என்பேன். ட்ரைபாடில் கீழ்நோக்கி மாட்டிய கேமரா துளி சாய்ந்திருந்தாலும் ஒரு மூலை தெளிவாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சின்ன முகக்கண்ணாடித் துண்டை வையுங்கள். திரையில் லென்ஸின் பிம்பம் தெரியும். அந்த வட்டம் நட்டநடுவில் வரும்வரை ட்ரைபாடைத் திருத்துங்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஏ.பி.எஸ்.-சி (ஃபிலிம் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள) கேமராவில் 50 மி.மீ. லென்ஸோடு 31 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் வெற்றுக் குழாய்) மாட்டினால் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய திரை நிறைய வரும்.

4. எடுப்பது
மேனுவல் மோட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 அபர்ச்சர், ரா ஃபார்மட் (கேமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பு), 2 நொடி டைமர். ஃபோகஸையும் கையாலேயே வையுங்கள். திரையைப் பெரிதாக்கி, ஃபிலிமின் பொடித் துகள் (கிரெயின்) தெரியும்வரை திருப்புங்கள். சில எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டும். ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும், அதனால் 1/30 நொடியோ அதற்கும் மெதுவாகவோ வையுங்கள். ஒரே ரோல் முழுக்க ஒரே ஷட்டர் அளவு போதும். கலர் ஃபிலிம் என்றால், ஓரத்தில் படம் விழாத ஆரஞ்சுப் பகுதி கொஞ்சமாவது பிரேமுக்குள் வரட்டும். அடுத்த படியில் அதுதான் கை கொடுக்கும்.

5. நிறம் திருப்புவது
டார்க்டேபிள் இலவச மென்பொருள். அதில் நெகடாக்டர் என்ற பகுதியைத் திறந்து, அந்த ஆரஞ்சு ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் ஃபிலிமின் அடிநிறத்தைக் கழித்துவிடும். பிறகு வெளிச்சத்தையும் நிறத்தையும் கண்ணுக்குப் பிடித்தபடி திருத்துங்கள். கறுப்பு வெள்ளை என்றால் நிறத்தை நீக்கி, தலைகீழாக மாற்றினாலே போதும்.

பிரிண்ட் இருக்கிறதே, நெகட்டிவ் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 1904-ல் ஓடத் தொடங்கி 2010-ல் நிறுத்தப்பட்ட செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையில், பதிமூன்று கண் பாலத்தை ரயில் கடக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிரிண்டில் வானம் வெறும் வெள்ளை. நெகட்டிவை ஏற்றிய பிறகு, பாலத்துக்குப் பின்னால் மலைமுகடு வரிசையாக எழுந்து வந்தது, அதன் மேல் மேகமும். பிரிண்ட் தாளில் ஏறாத வெளிச்ச வித்தியாசம் ஃபிலிமில் பத்திரமாக இருக்கிறது.

6. திரும்ப வைப்பது
ஏற்றியாயிற்று என்று ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். புது பட்டர் பேப்பர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதிதாகப் போடுங்கள். ரா கோப்புகளை இரண்டு இடத்தில் சேமித்து, ஆண்டையும் ஊரையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு அதையும் சேர்த்துவிடுங்கள்.