விடுதியில் சாப்பாட்டுக்கும் சேர்த்து முன்பணம் கட்டலாமா?

ஏலகிரிக்கோ ஊட்டிக்கோ தொலைபேசியில் அறை கேட்டால், விடுதிக்காரர் அடுத்துக் கேட்பது "சி.பி.யா, எம்.ஏ.பி.யா சார்?" என்பதுதான். பொருள் தெரியாமல் "பெரியதையே போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். ஈ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் அறையும் காலைச் சிற்றுண்டியும், எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியம் அல்லது இரவு, இரண்டில் ஒரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.

முதலில் கணக்கிட வேண்டியது எத்தனை நாள் தங்குகிறோம் என்பதை அல்ல, அந்த விடுதிக்குள் எத்தனை வேளை உண்மையாகவே சாப்பிடப் போகிறோம் என்பதைத்தான். வேலூரிலிருந்து காலை பதினொரு மணிக்குக் காரில் கிளம்பி ஏலகிரிக்குச் செல்லும் குடும்பம் பன்னிரண்டு மணியளவில் ஆம்பூரைக் கடந்தாக வேண்டும். சீரகச் சம்பா பிரியாணியின் மணத்தைத் தாண்டிக்கொண்டு, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, விடுதிச் சாப்பாட்டுக்காகப் பசியோடு காத்திருக்கும் மனவுறுதி எங்கள் வீட்டில் எவருக்கும் கிடையாது. ஆகவே முதல் நாள் மதிய உணவுக்குக் கட்டிய பணம் வீண். இறங்கும் நாளிலும் முற்பகலிலேயே அறையைக் காலி செய்துவிடுவோம் என்பதால் அன்றைய மதிய உணவும் அங்கே இல்லை.

அடுத்தது, யார் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்பது. சென்ற முறை எங்களிடம் இரவு பஃபேவுக்கு வரி உட்படப் பெரியவருக்கு 700 ரூபாயும் எட்டு வயது மகனுக்கு 350 ரூபாயும் கேட்டார்கள். நாங்கள் இருவரும் மாமியாரும் மகனும் சேர்ந்தால் ஓர் இரவுக்கு 2,450, இரண்டு இரவுக்கு 4,900 ரூபாய். உடனே ஒப்புக்கொள்ளாமல், அவர்களுடைய மெனு கார்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மாமியார் இரவில் ஒரு கிண்ணம் தயிர்சாதத்துக்கு மேல் தொடமாட்டார், அது 150. மகன் ஒரு தட்டு நூடுல்ஸோடு எழுந்துவிடுவான், அது 220. எங்கள் இருவருக்கும் சப்பாத்தியும் கோழிக் குழம்பும் 600. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தாலும் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 1,020 ரூபாய்தான். இரண்டு இரவில் 2,860 ரூபாய் மிச்சம். வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இதே கணக்கு தலைகீழாகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வாறு ஒப்பிடும்போது சேவைக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. ஏற்றியிருந்தால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வெளியே சாப்பாடு கிடைக்காத இடங்களில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலைகளை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள் என்பதால், அந்தப் பக்கத்துக் காட்டு விடுதியில் தங்குகிறவர்கள் தயங்காமல் மூன்று வேளைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆலப்புழைப் படகு வீடுகளில் பெரும்பாலும் சாப்பாடு வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய பெரியவர்கள் உடன் வந்தாலும், சில நூறு ரூபாய் கூடுதலாகப் போவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

திட்டத்தை எடுப்பது என்று முடிவு செய்தால், பணம் அனுப்பும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மலை விடுதியில் பஃபே என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, அன்று விருந்தினர் குறைவு என்பதால் ஒரு சாம்பார், ஒரு பொரியல், ஆறிப்போன சப்பாத்தி என்று தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, பஃபேவுக்குக் குறைந்தது இத்தனை அறைகள் நிரம்ப வேண்டும் என்ற விதியைக் காட்டினார்கள். அந்த வரி நான் படிக்காமல் விட்ட சிறிய எழுத்தில் இருந்தது. ஆகவே பஃபே இல்லாத நாளில் என்ன தருவார்கள், இரவு உணவுக்குப் பதிலாக மதிய உணவை எடுத்துக்கொள்ள முடியுமா, எத்தனை வயது வரை குழந்தைக்குக் கட்டணம் இல்லை, சாப்பிடாத வேளைக்குப் பணம் திரும்புமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். டிசம்பர் 31 அன்று தங்குவதாக இருந்தால், புத்தாண்டு விருந்துக்கெனக் கட்டாயக் கட்டணம் தனியாக உண்டா என்பதையும் விசாரியுங்கள், எம்.ஏ.பி. எடுத்தவர்களிடமும் அதைச் சில விடுதிகள் வசூலிக்கின்றன.

அதிகாலையிலேயே சஃபாரிக்கோ ரயிலுக்கோ கிளம்ப வேண்டியிருந்தால், காலைச் சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கட்டித் தரும்படி முந்தைய நாள் இரவே வரவேற்பறையில் சொல்லிவையுங்கள். காலையில் சொன்னால் ரொட்டியும் ஜாமும்தான் வரும்.