ஆடிக்காற்றைத் தாங்கும் சார்ஜர் பெட்டி

திருநெல்வேலியில் இருந்துகொண்டே மின்வண்டி சார்ஜர் செய்து விற்க முடியுமா என்று கேட்டுப் பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் நாலுவழிச்சாலை ஓரம் காருக்கு வேகமாக மின்சாரம் ஏற்றும் டிசி பாஸ்ட் சார்ஜர் என்று இறங்காதீர்கள். அதற்குள் ஏசியை டிசியாக மாற்றும் பவர் மாட்யூல் வாங்கவே கைமுதல் கரைந்துவிடும். 3.3 கிலோவாட் ஏசி பெட்டியில் தொடங்குங்கள். 16 ஆம்பியர் சாக்கெட், மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் ரிலே, யூனிட் அளக்க எனர்ஜி மீட்டர், ஒரு சின்ன போர்டு. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் அது போதும்.

எல்லாரும் போர்டிலும் ஆப்பிலும்தான் நாளைச் செலவழிக்கிறார்கள். பெட்டி எரிவது டெர்மினலில், அதாவது வயரை ஸ்க்ரூ வைத்து இறுக்கும் இடத்தில். என் முதல் பெட்டியை வள்ளியூரில் ஒரு டீக்கடைச் சுவரில் மாட்டினேன். ஆடி மாதம், கணவாய்க் காற்று தகரத்தைப் பிய்க்கிற நேரம். மூன்றாவது வாரம் கடை அண்ணாச்சி போன் போட்டார்: "தம்பி, பெட்டிகிட்ட ரப்பர் தீயுத வாடை வருது." ஓடிப்போய்த் திறந்தேன். நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்து, வயர் உறை அரை அங்குலத்துக்குப் பழுப்பாகி உருகியிருந்தது. தளர்ந்த இடத்தில் 0.05 ஓம் தடை வந்தாலே 15 ஆம்பியர் ஓடும்போது 11 வாட்டுக்கு மேல் சூடு, அதுவும் மிளகளவு இடத்தில். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கடைக்கே தீ பிடித்திருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால் வயர் நுனியை முறுக்கி அப்படியே செருகாதீர்கள். ஈயம் வைத்தும் செருகாதீர்கள், நாளாக ஆக ஈயம் அமுங்கி இணைப்பு தளரும். வயர் நுனிக்கு லக் என்ற உலோகத் தொப்பி போட்டு, கருவியால் நசுக்கிக் கிரிம்ப் செய்து, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் முறுக்கி, ஸ்க்ரூ தலையிலிருந்து டெர்மினல் மேல்வரை மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டெர்மினலை ஒட்டி சூட்டை அளக்கும் ஒரு தெர்மிஸ்டர் வைத்து, 70 டிகிரி தாண்டினால் ரிலே துண்டிக்கும்படி போர்டின் புரோகிராமில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது எர்த். "எர்த்தெல்லாம் இருக்கு தம்பி" என்று கடைக்காரர் சொல்வார், பொய் சொல்ல மாட்டார், ஆனால் வயர் சுவருக்குள்ளேயே அறுந்து நிற்கும். எர்த் டெஸ்டரோடு போங்கள். பாறை நிலமாக இருந்தால் ஒரு குழியில் 5 ஓமுக்குக் கீழே இறங்காது, இரண்டு மூன்று குழி தோண்டி இணைக்க வேண்டும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், அதுவும் ஏ டைப். வண்டிச் சார்ஜரில் கசியும் மின்சாரம் சாதாரண ஏசி டைப்புக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். மழையில் நனைந்த கையோடு ஒரு பிள்ளை பிளக்கைப் பிடிக்கும், அதை நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

எறும்பையும் மறக்காதீர்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் துளையை அடைக்கும் கேபிள் கிளாண்ட் சரியாக இறுகாவிட்டால் ரிலேக்குள் கூடு கட்டும். மொபைல் டவர் போனாலும் யூனிட் கணக்கைப் பெட்டியே வைத்திருந்து பிறகு சர்வருக்கு அனுப்ப வேண்டும். பெட்டியும் சர்வரும் பேசிக்கொள்ளும் அந்தப் பேச்சுக்கு ஓசிபிபி 1.6 என்ற பொது மொழி போதும்.

சரி, அரசாங்க வேலை. சார்ஜிங் நிலையம் நடத்த மின்சார லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே தெளிவாக்கிவிட்டது. மின்வாரியத்தில் மின்வண்டிக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. கடை மீட்டரில் கலக்காமல் தனி இணைப்பு கேளுங்கள், இல்லையென்றால் பில் வரும்போது அண்ணாச்சிக்கும் உங்களுக்கும் மனத்தாங்கல் வரும். தரச் சான்றுக்கு மின்வண்டி சார்ஜருக்கான இந்தியத் தர விதிகளான ஐஎஸ் 17017 வரிசையைப் பார்க்க வேண்டும், புனேயில் உள்ள வாகனச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐ போன்ற இடங்களில் சோதிப்பார்கள். அங்கே அனுப்புமுன் வயர் உறையில் கசிவு உண்டா என்று காட்டும் மெக்கர் வைத்து நீங்களே பார்த்துவிடுங்கள். தோற்ற பெட்டியைத் திருப்பி அனுப்புவது பெரிய செலவு.

அதுவரை கடையில் கிடைக்கும் பாலிகார்பனேட் பெட்டியிலேயே ஓட்டுங்கள். பத்துப் பெட்டியை மாட்டி, ஒரு ஆடிக்காற்றும் ஒரு ஐப்பசி மழையும் கழிந்தபின் ஒவ்வொன்றாகத் திறந்து மார்க்கர் கோட்டைப் பாருங்கள். பெட்டி வார்க்கச் சொந்த அச்சுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்கப்புறம்.