‘வங்கியே கணக்குக் கொடுத்திருக்கிறதே!’: கேசினோ கோப்புகளில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

கார்டு வழியாகப் பணம் பெறும் வணிகர்களின் கோப்புகளைச் சரிபார்க்கும் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள், ஆன்லைன் கேசினோ ஒன்றின் மீது புகார் வந்ததும், எங்கள் தலைமுறை ஒரு காலத்தில் எழுதிய குறிப்பையே இன்றும் எழுதுகிறார்கள்: ‘முறையான வங்கிக் கணக்கு உள்ளது, பெயர்பெற்ற நிறுவனங்கள் விளையாட்டுகளை வழங்குகின்றன, தளம் நம்பத்தக்கது.’ முகவரியைப் பார்க்காமல் விடுவது, போலிச் சான்றிதழில் ஏமாறுவது போன்றவற்றை எந்த மேலாளரும் திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வங்கியின் இசைவை நேர்மைக்குச் சான்றாகக் கொள்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். ஒரு கேசினோவை ஏற்கும் முன் ‘இவர்களால் நமக்கு நட்டம் வருமா’ என்ற ஒரு கேள்விக்குத்தான் வங்கி விடை தேடுகிறது. வென்றவருக்குப் பணம் போய்ச் சேருமா என்பது பெரும்பாலும் அதன் படிவத்திலேயே இருப்பதில்லை. வாடிக்கையாளர்கள் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் தம் வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) கோரும்போது கேசினோ தலைமறைவாகிவிட்டால் அந்தத் தொகையை வங்கியே ஈடுகட்ட வேண்டும் என்பதால், சாதாரணக் கடைக்கு விதிப்பதைவிட அதிகக் கட்டணம் விதித்து, வரவில் பெரும்பாலும் 5 முதல் 10 விழுக்காட்டை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ரிசர்வாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்தப் பிடித்தம் காப்பது வங்கியைத்தான். வென்ற தொகைக்காகக் காத்திருப்பவருக்கு அதில் ஒரு காசுக்கும் உரிமையில்லை. அவரை இழுத்தடிப்பது வங்கியின் ஏட்டில் நட்டமாகப் பதிவாவதும் இல்லை.

சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்குப் பணம் பெறுவதைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 2006இல் வந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கில் வெளியான குற்றப்பத்திரிகை, மூன்று பெரிய போக்கர் தளங்களின் வரவு, நகையும் கோல்ஃப் பந்தும் விற்பதாகச் சொல்லிக்கொண்ட, உண்மையில் இல்லாத கடைகளின் பெயரில் வங்கிகளுக்குள் நுழைந்ததாகக் கூறியது. அந்த வங்கிகள் ஏமாற்றப்பட்டவை. யூட்டா மாநிலத்துச் செயின்ட் ஜார்ஜ் நகரின் சன்ஃபர்ஸ்ட் வங்கியின் கதையோ வேறு: 1 கோடி டாலர் முதலீடு கிடைக்கும் என்பதற்காக அதன் இயக்குநர் குழுத் துணைத் தலைவர் தெரிந்தே இசைந்தார் என்பது குற்றச்சாட்டு. 20 கோடி டாலருக்கு மேல் கைமாறியதற்கு வங்கி பெற்ற கட்டணம் சுமார் 16 லட்சம் டாலர். அந்த ஆண்டு நவம்பரிலேயே வங்கி மூடப்பட்டது.

அந்த வழியைப் பயன்படுத்திய தளங்களுள் ஒன்றான ஃபுல் டில்ட் போக்கர், 2011 மார்ச் இறுதியில் ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 39 கோடி டாலர் தரவேண்டியிருக்க, கையில் வைத்திருந்தது சுமார் 6 கோடி டாலர்தான் என்று அரசுத் தரப்பு பின்னர் தெரிவித்தது. கணக்குக் கொடுக்கும் வங்கி இந்த இடைவெளியைத் தேடிப் பார்ப்பதில்லை. அதன் கட்டணம் உள்ளே வரும் பணத்தின் மீது கணக்கிடப்படுவது.

கடையின் அலங்காரத்தைப் பார்த்து ஒப்பமிடுவது

விளையாட்டுப் பொருள் விற்பதாகச் சொன்ன ஒரு வணிகரின் கோப்பு என்னிடம் வந்தது. தளத்தில் மட்டைகளும் காலணிகளும் பளபளத்தன. எந்த நாட்டு முகவரியைக் கொடுத்தாலும் அஞ்சல் செலவு பூஜ்யம் என்றே காட்டியது. வரவுகளோ 50, 100, 200 என்ற முழு எண்களில், நள்ளிரவுக்குப் பிறகு, ஒரே கார்டிலிருந்து சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வந்திருந்தன. வரியும் தள்ளுபடியும் உள்ள கடையில் தொகைகள் இவ்வளவு வழவழப்பாக அமைவதில்லை. முதலில் சரிபார்த்த இளைஞர், காலணி அளவு அட்டவணை தெளிவாக இருப்பதாகப் பாராட்டி எழுதியிருந்தார்! ஒவ்வொரு வணிகரின் தொழிலையும் கார்டு உலகில் காட்டும் எண்ணான வணிக வகைக் குறியீட்டில், சூதாட்டத்துக்குரிய 7995 தன் மீது விழக்கூடாது என்பதற்குத்தான் அத்தனை அலங்காரமும்.

விளையாட்டு வழங்குநரைச் சாட்சியாக்குவது

ஸ்லாட் விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனம் பொதுவாக, பந்தயத் தொகையில் பரிசு போக எஞ்சுவதில் ஒரு பங்கைப் பெறுகிறது. ஆட்டக்காரர் இழப்பது அதற்கும் வருமானம். பல வேளைகளில், பலரின் விளையாட்டுகளைத் திரட்டிக் கேசினோக்களுக்குக் கொடுக்கும் ஒரு நிறுவனம் இடையில் இருப்பதால், எந்தக் கேசினோ யாரை ஏமாற்றுகிறது என்பது விளையாட்டை உருவாக்கியவரின் காதுக்கே எட்டுவதில்லை. அசல் விளையாட்டாகவே இருந்தாலும், ப்ளேன் கோ நிறுவனத்தின் ‘புக் ஆஃப் டெட்’ பந்தயத் தொகையில் சராசரியாக 96.21 விழுக்காடு திருப்பித் தரும் வடிவிலும் கிடைக்கிறது, 84.18 விழுக்காடு தரும் வடிவிலும் கிடைக்கிறது. எதை நிறுவுவது என்பது கேசினோவின் தெரிவு. வென்ற தொகை இருப்பதும் கேசினோவின் பெட்டியில்தான்.

உரிமத்தைக் கண்டு ஓய்ந்துவிடுவது

ஃபுல் டில்டிடமும் ஆல்டர்னி தீவின் சூதாட்ட உரிமம், 2011 ஜூனில் நிறுத்திவைக்கப்படும் வரை இருந்தது.

வங்கிக்கு எதுவும் தெரியாது என்று முடிவுகட்டுவது

சன்ஃபர்ஸ்டை மறுபடி படியுங்கள்.

புகாரைப் பிழையான வாசகத்தில் எழுத விடுவது

‘வென்ற பணத்தைத் தரவில்லை’ என்று ஒருவர் தம் வங்கிக்கு எழுதினால், அது தளத்துக்கும் அவருக்கும் இடையிலான தகராறு என்ற பதிலே பெரும்பாலும் வரும். கார்டு பட்டியலில் தெரியும் கடையின் பெயர், தேதி, தொகை, உண்மையில் பணம் கட்டிய தளம் ஆகியவற்றை அடுக்கி, அந்த வரவு எந்தக் குறியீட்டில் பதிவாகியுள்ளது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பொய்யான குறியீட்டுக்கு விசாவும் மாஸ்டர்கார்டும் அபராதம் விதிப்பது வணிகருக்குக் கணக்குக் கொடுத்த வங்கிக்கு என்பதால், அந்தக் கடிதத்தில் பேசப்படும் நட்டம் வங்கியுடையதாகிவிடுகிறது.