தெளிய வைத்த இஞ்சிச் சாறு

கல்யாண வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தால், மறுநாள் காலை வயிறு கல் மாதிரி கனக்கும். ஏப்பத்தில் நேற்றைய சாப்பாட்டு வாசனை வரும், பசியே எடுக்காது. இந்த மந்தத்துக்கு எங்கள் வீட்டில் இஞ்சிச் சாறுதான். என் மாமியார் சொல்லிக்கொடுத்த பக்குவம் இது.

கட்டைவிரல் நீளத்தில் இரண்டு துண்டு இஞ்சி எடுங்கள். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் வாடியது. மண் போகக் கழுவி, ஸ்பூன் விளிம்பால் தோலைச் சுரண்டிவிடுங்கள். 'சுக்குக்குப் புற நஞ்சு' என்பார் மாமியார். இஞ்சிக்கும் அதே கணக்குத்தான் அவருக்கு. இடிகல்லில் நசுக்கி, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழியுங்கள்.

பிழிந்ததும் குடிக்காதீர்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சாற்றைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கலங்கலாக இருந்த சாறு மேலே மஞ்சளாகத் தெளியும். அடியில் கோலமாவைக் கரைத்து விட்டதுபோல வெள்ளையாக ஒரு படிவு நிற்கும். அதைச் சுண்ணாம்பு என்பார்கள். உண்மையில் அது இஞ்சியின் மாவுச்சத்து. விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் சேர்த்துக் குடித்தால் நாக்கில் மாவாக ஒட்டும். டம்ளரை மெதுவாகச் சாய்த்து மேல் சாற்றை மட்டும் வேறு கிண்ணத்துக்கு மாற்றுங்கள்.

ஒரு டீஸ்பூன் சாறு, ஒரு டீஸ்பூன் தேன், இரண்டு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு அவ்வளவு போதும். இஞ்சியில் காரம் தரும் ஜிஞ்சரால் (gingerol) என்ற பொருள், இரைப்பையில் தங்கிய உணவு சீக்கிரம் கீழே இறங்க உதவுகிறது. எனக்கு அரை மணி நேரத்தில் வயிறு லேசாகிவிடும். அப்புறம் ரசம் சாதம் மட்டும்தான்.

நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கு இது வேண்டாம், எரிச்சல் கூடும். பித்தப்பைக் கல் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலோ டாக்டரைக் கேளுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

இன்னொன்று. என் பெரியப்பாவுக்கு ஒருநாள் நெஞ்சு அடைத்து வியர்த்துக் கொட்டியது. வாயு என்று நினைத்து இஞ்சி தட்டிக்கொண்டிருந்தோம். அது மாரடைப்பு. நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பையன் வண்டியை எடுத்தான், பிழைத்தார். நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, வியர்வை என்றால் இடிகல்லைத் தொடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.